மூன்று கிலோவுக்குள்

மார்ச் மாதத்திலிருந்து அந்த வீட்டில் எதையும் எடை போடாமல் கோசாராவின் கையில் கொடுப்பதில்லை. தண்ணீர்க் குடமோ, விறகுக் கூடையோ, துவைத்த துணி மூட்டையோ, எதுவானாலும் முதலில் கொட்டில் வாசல் நிலையில் தொங்கும் கொக்கித் தராசுக்குப் போகும். முள் மூன்றைத் தாண்டாவிட்டால் அவளிடம் வரும். தாண்டினால் அவள் அப்பா விதோமிர் தானே தூக்கிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டு ராதிஸாவ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதைப் பார்த்துவிட்டு, "பொண்ணைக் கட்டிக் குடுக்கறப்ப மாப்பிள்ளையையும் இதுல தொங்க விடுவியா, வீதோ?" என்று கேட்டார். விதோமிருக்குச் சிரிப்பு வரவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வருவதே அரிதாகிவிட்டது.

அந்த மார்ச்சில் ஒரு நாள் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் தோட்டத்தில் ராஸ்பெர்ரிக் கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோவினே மலைச்சரிவில் அப்போதுதான் பனி உருகி, வரிசைகளுக்கு நடுவே சேறு முழங்கால்வரை ஏறியது. கோசாராவுக்குப் பதினெட்டு வயது. வாசலில் குனிந்து நுழைகிற உயரம், பள்ளியில் கைப்பந்து ஆடுகிறவள், ஆனால் உடம்பு மட்டும் கொடிக்கம்பு மாதிரி. மூன்றாவது வரிசையில் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"அப்பா, மூச்சு பாதிதான் வருது."

தசைப்பிடிப்பு என்றுதான் விதோமிர் நினைத்தார். உதடு நீலம் பாரிக்கிறதைப் பார்த்தபிறகுதான் காரை எடுக்க ஓடினார். உஷிட்செ நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் வலப்பக்க நுரையீரல் காற்றுப் போன பந்தாகச் சுருங்கிக் கிடந்தது. விலாவில் குழாய் செருகினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் புட்டியில் முங்கியிருந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் புட்டியில் குமிழி வரும். குமிழி நின்றால் நுரையீரலில் இருந்த ஓட்டை அடைபட்டது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆறு நாள் விதோமிர் அந்தப் புட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மகள் முகத்தை அல்ல.

ஏன் வந்தது என்று கேட்டதற்கு, உயரமாய் ஒல்லியாய் இருக்கிற பிள்ளைகளுக்குக் காரணமில்லாமலும் வரும், திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். இந்த வருஷம் பூராவும் கனம் தூக்க வேண்டாம் என்றார்.

"கனம்னா எத்தனை கிலோ?"

"அப்படிக் கணக்கெல்லாம் இல்லீங்க. பாத்து நடந்துக்கணும்."

"எத்தனை கிலோன்னு சொல்லுங்க, டாக்டர்."

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நடைபாதையில் வேறு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "சரி, மூணு கிலோன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகிறபோக்கில் சொன்னது விதோமிருக்குச் சட்டமாகிவிட்டது. வீடு திரும்பியதும் கொட்டில் பரணில் கிடந்த கொக்கித் தராசை எடுத்துத் தூசி தட்டி ஆணியில் மாட்டினார்.

அம்மா ஸ்தானா இந்தக் காரணமில்லாத கதையை ஒப்புக்கொள்ளவே இல்லை. எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் உட்கார்ந்தவன் தொலைந்தான் என்பது அந்தப் பக்கத்து ஜனங்கள் தாய்ப்பாலோடு குடிக்கிற பயம். பிப்ரவரியில் பள்ளிப் பேருந்தில் யாரோ இரண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்திருக்கிறார்கள், அந்தக் குறுக்குக் காற்றுதான் மகளின் நெஞ்சில் நுழைந்து ஓட்டை போட்டது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். மருத்துவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பிள்ளையாக இருந்தால் சிரிப்பாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஜூலையில் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது பெல்கிரேடிலிருந்து கடிதம் வந்தது. கட்டடக் கலைப் படிப்பில் கோசாராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊரே வந்து கைகுலுக்கியது. ராதிஸாவ் ராக்கியா என்கிற பழச்சாராயப் புட்டியோடு வந்தார். விதோமிரும் ஸ்தானாவும் வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துச் சிரித்தார்கள். ஆனால் விடுதி அறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது, அதற்கு மனசு வந்தால் ஓடும் என்று இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி கோசாராவிடம் சொல்லியிருந்தாள். அங்கே மூச்சு பாதி நின்றால் காரை எடுத்துக்கொண்டு ஓட யார் இருக்கிறார்கள்? இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. போகாதே என்றும் சொல்லத் துணியவில்லை.

செப்டம்பர் வந்தது. விதோமிர் காய்த்து ஓய்ந்த கொடிகளை அடியோடு வெட்டி வரிசை வரிசையாக எரித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஸ்தானா தகர அடுப்பின் மேல் சிவப்புக் குடைமிளகாய்களைத் தோல் கருகச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அந்த மாதத்தில் அதே வாசனைதான். கோசாரா சுட்டதைத் தோலுரித்துக் கிண்ணத்தில் போட்டாள். அந்தக் கிண்ணம் நிறைவதற்குள் ஸ்தானா எட்டி எடுத்துக் காலி செய்துவிடுவாள், கனம் ஏறிவிடும் என்று.

பெல்கிரேடிலிருந்து வந்த பட்டியல் மேசையில் கிடந்தது. மடிக்கணினி ஒன்று வேண்டும், அதில் இன்னின்னது இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது. விதோமிர் சாம்பல் கையோடு அதை எடுத்துக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இதுல எடையே போடலையே."

"எடையெல்லாம் போட மாட்டாங்கப்பா. உள்ள என்ன இருக்கணும்னுதான் போடுவாங்க."

"தினமும் தோள்ல போட்டுக்கிட்டு அலையப் போறது நீ. எடை போடாம வேற என்னத்தைப் போட்டாங்க?"

"வீடு கட்டறதுக்குப் படம் வரையணும்பா. வரைஞ்ச வீட்டைச் சுத்திக் காட்டணும், கதவைத் திறந்து உள்ள போய்க் காட்டணும். சின்ன மெஷின்ல அதைப் போட்டா மூச்சு முட்டி நின்னுடும்."

மூச்சு என்ற சொல் காதில் விழுந்ததும் ஸ்தானாவின் கை அப்படியே நின்றது. அடுப்பில் ஒரு மிளகாய் தீய்ந்தது.

"நின்னா நிக்கட்டும்" என்றார் விதோமிர். "மெஷின் நின்னா இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

ஸ்தானா தீய்ந்ததைப் புரட்டினாள். "ராதிஸாவ் பொண்ணு வச்சிருக்குதே, அது ஊதுது. அன்னைக்குப் பக்கத்துல உக்காந்தேன், கை மேல காத்து வீசுது."

"உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளுதும்மா. சின்ன விசிறி."

"சூட்டைத் தள்ளட்டும், வேணாங்கல. அதை உன் நெஞ்சுக்கு நேரா வந்து ஏன் தள்ளணும்?"

"பக்கவாட்டுல போகும்மா."

"பக்கவாட்டுல ஜன்னல் இருந்தா? அங்கிருந்து வர்ற காத்தும் இதுவும் சேந்துக்கும். ஊதாத மெஷினா பாத்து வாங்கு, வீதோ."

கோசாரா குனிந்து மிளகாய் உரித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் போலும் என்று விதோமிர் நினைத்தார். அவளுடைய வலது கை மட்டும் அடிக்கடி விலாப்பக்கம் போய், குழாய் செருகியிருந்த இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியதை அவர் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் மூவரும் பழைய சிவப்பு ஸாஸ்தவா காரில் உஷிட்செக்குக் கிளம்பினார்கள். ஜன்னல்கள் நான்கும் இறுக மூடியிருந்தன, உள்ளே வெந்து போனார்கள். பெல்கிரேடில் தோளில் மாட்டப்போகிற அதே பையை விதோமிர் எடுத்து வந்திருந்தார். அதற்குள் ஒரு வரைபட நோட்டும் பென்சில் டப்பாவும் இருந்தன. அவற்றோடு கொக்கித் தராசும் இருந்தது.

"கடைக்குள்ள இதை எடுக்கப் போறியாப்பா?" என்றாள் கோசாரா.

"பின்ன எதுக்குக் கொண்டு வந்தேன்?"

"மானம் போகும்."

"போனா போகட்டும். அது ஒண்ணும் கனமில்ல."

கடையில் நீண்ட மேசையில் இருபது முப்பது மடிக்கணினிகள் வாயைத் திறந்து நின்றன. கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் வந்தான். பேர் ஓஸ்த்தோயா என்று அட்டையில் இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், மெதுவாகப் பேசினான், அவசரப்படுத்தவில்லை. பட்டியலைப் படித்துவிட்டு மூன்றைக் காட்டினான். ஒன்று காகிதம் மாதிரி மெல்லியது, தட்டச்சு செய்யலாம், படம் பார்க்கலாம், கட்டடம் வரைந்தால் திணறும். இன்னொன்று பெரியது, எதைப் போட்டாலும் தாங்கும். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில்.

ஸ்தானா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போய்க் குனிந்து உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தாள். மெல்லியது ஊதவில்லை. பெரியதின் பக்கத்தில் கையை வைத்தவள் சுட்டது போல இழுத்துக்கொண்டாள்.

"இது வீசுது, தம்பி."

"விசிறி ஓடுதும்மா. இல்லாட்டி சூடாயிடும்."

"எம் பொண்ணுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு. காத்துப் படக்கூடாது."

பையன் சிரிக்கவில்லை, அவனும் அந்தப் பக்கத்தவன்தான். "சுவரைப் பாத்த மாதிரி வச்சுக்கிட்டா காத்து சுவருக்குப் போயிடும்மா" என்றான். ஸ்தானாவுக்கு அது ஓரளவு சமாதானமாக இருந்தது.

கோசாரா பெரியதை முன்னால் இழுத்து ஏதோ திறந்து பார்த்தாள். திரையில் ஒரு வீடு சுழன்றது. ஒரு நிமிஷம் அவள் முகம் மலர்ந்தது. அதை மூடிக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"அப்பா, நடுவுல இருக்கறதையும் பாக்கலாமா?"

விதோமிர் காதில் வாங்கவில்லை. மகளின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டார், அவருக்கு அது போதும். "இது எவ்வளவு எடை?" என்று பையனிடம் கேட்டார்.

"ரெண்டு கிலோ நூறு, மாமா."

"சார்ஜரோடவா?"

"மெஷின் மட்டும்."

"அப்படி வா வழிக்கு." விதோமிர் வந்ததிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து நின்றார். முப்பது வருஷமாகப் பழம் வாங்குகிறவர்களோடு மல்லுக்கு நின்றவர். "பெட்டியைக் கழிச்சுட்டுப் பழத்தோட எடையை மட்டும் சொல்ற. எங்க களத்துலயும் இதே வித்தைதான். அவ பெட்டியையும் சேத்துத்தான தூக்கப் போறா?" மெஷினை வலது கையில் ஏந்தி இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டினார். "ரெண்டு நூறு இல்ல, ஒண்ணு தொள்ளாயிரம். என் கை தப்பா சொல்லாது."

பைக்குள்ளிருந்து தராசை எடுத்தபோது பக்கத்தில் செல்பேசி பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி திரும்பிப் பார்த்தது. கோசாரா தரையைப் பார்த்தாள். விதோமிர் மெஷினை ஒரு துணிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். முள் ஒன்று தொள்ளாயிரத்தில் நின்றது.

"பாத்தியா? கை சொன்னதையே தராசும் சொல்லுது."

பிறகு மெஷின், சார்ஜர், நோட்டு, பென்சில் டப்பா எல்லாவற்றையும் தோள்பையில் அடுக்கி, மொத்தத்தையும் மாட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். முள் மேலும் கீழும் ஆடி, இரண்டு தொள்ளாயிரத்தில் நிலைத்தது. ஸ்தானா மூன்று விரலைக் கூட்டி நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றுக்குள் அடங்கிவிட்டது. மகள் கேட்ட மெஷினே கிடைத்துவிட்டது, நுரையீரலுக்கும் ஒன்றும் ஆகாது.

"கட்டிக் குடு தம்பி."

ஓஸ்த்தோயா கட்டவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லலாமா? கம்பெனிக்காரன் எடையைக் குறைச்சுச் சொல்லுவான். கூட்டிச் சொல்ல மாட்டான். ரெண்டு நூறுன்னு அவனே எழுதியிருந்தா, அதுக்குக் குறைஞ்சு இருக்காது."

"அப்ப உன் கம்பெனிக்காரனுக்கு எடை போடத் தெரியல."

பையன் மேசைக்கடியிலிருந்து தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தான். மூடி திறக்காத ஒரு லிட்டர் புட்டி. அதைத் துணிப்பையில் போட்டு நீட்டினான். "இதை மாட்டிப் பாருங்க, மாமா. ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ. அது எந்தக் கம்பெனியும் செஞ்ச கணக்கு இல்ல."

விதோமிர் மாட்டினார். முள் தொள்ளாயிரத்தைத் தொட்டு, அதற்கு மேல் ஒரு மயிரிழை ஏறி நின்றது. கையை ஆட்டிப் பார்த்தார். திரும்பவும் அங்கேயே நின்றது.

"நான் ஏழு வருஷம் கோடையில பழம் பறிக்கப் போனேன், மாமா" என்றான் ஓஸ்த்தோயா. குரலில் குத்தல் எதுவும் இல்லை, மழை பெய்தது என்று சொல்வது போலத்தான் சொன்னான். "இந்த மாதிரித் தராசு நிறைய வீட்ல பாத்திருக்கேன். உள்ள இருக்கற சுருள்ல ஒரு சுத்தை வெட்டி எடுத்துடுவாங்க. பத்துக்கு ஒம்பது காட்டும். நீங்க யாருகிட்டயாவது வாங்கியிருப்பீங்க போல."

விதோமிரின் காது இரண்டும் கொதித்தன. யாரிடமும் வாங்கியதில்லை. அவருடைய அப்பா கொட்டிலில் உட்கார்ந்து இடுக்கியால் அந்தச் சுற்றை வெட்டும்போது, முப்பது வயசு விதோமிர் தராசின் உடம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிழக்கேயிருந்து கோடைக்குக் கூலிக்கு வரும் ஆட்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி. பத்துக் கிலோ பறித்தவனுக்கு ஒன்பது எழுதினார்கள். அப்பா செத்தபிறகும் விதோமிர் அதே தராசில்தான் எழுதினார். இரண்டு வருஷம் முன்னால் ஆட்கள் நாள்கூலி கேட்டதும் தராசு பரணுக்குப் போனது. தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. அத்தனை வருஷத்தில் அந்தப் பொய் தராசோடு ஒட்டிப்போய், அதுவே எடை என்று ஆகிவிட்டிருந்தது. மார்ச்சில் மகளைக் காப்பாற்ற எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடிய கைக்கு அதுதான் அகப்பட்டது.

"எந்தத் தோட்டத்துல பறிச்ச?" என்று கேட்டார். கேட்டபிறகு ஏன் கேட்டோம் என்று பதறினார்.

"பல தோட்டம், மாமா. பேரெல்லாம் மறந்துபோச்சு."

மறந்துபோனதா, மறந்துபோனதாகச் சொன்னானா என்று விதோமிர் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. அதற்குள் வேறொரு பயம் தலைக்கேறிவிட்டது. "கொஞ்சம் வெளிய நின்னுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தார்.

கடைக்கு எதிரே லிண்டன் மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மூன்று காட்டினால் உண்மையில் மூன்றே கால், அதற்கும் மேல். ஏப்ரலில் விறகுக் கூடை. மே மாதம் நாற்றுக்குத் தண்ணீர், தினம் நான்கு நடை. ஜூலையில் பழப் பெட்டி, முள் சரியாக மூன்றில் நிற்கும்படி அவரே கையால் பார்த்துப் பார்த்து அள்ளிப் போட்டது. போன வாரம் பிளம் பழ வாளி. ஒவ்வொன்றும் மூன்றைத் தாண்டியது. ஒவ்வொன்றையும் அவரே எடை போட்டு அவளிடம் நீட்டியிருக்கிறார். ஆறு மாதமாக மகளின் நெஞ்சில் பாரம் ஏற்றிக்கொண்டு, பத்திரம் பத்திரம் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

ஸ்தானாவும் கோசாராவும் வெளியே வந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து ஸ்தானா பயந்துபோனாள். "உனக்கு என்ன பண்ணுது? நெஞ்சு வலியா?"

"எத்தனை வாளி, ஸ்தானா" என்றார். "எத்தனை வாளி தூக்கிட்டா."

ஸ்தானாவுக்கு விளங்க ஒரு கணம் ஆனது. பிறகு அவளும் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்கப்பன் பண்ணின வேலை" என்றாள். "எனக்கும் ஞாபகம் வரலையே. அந்தத் தராசுக்காகத்தான நான் பறிக்க வர்றவங்க சாப்பாட்டுத் தட்டுல ஒரு கரண்டி கூடுதலாப் போடுவேன். அப்படியிருந்தும் ஞாபகம் வரலையே, பாவி."

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றாள் கோசாரா.

அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். இருவரும் அவளை அண்ணாந்து பார்த்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னண்டு வயசுல. கேக் பண்ணறதுக்கு ஒரு கிலோ மாவு பாக்கெட்டை இதுல போட்டேன், தொள்ளாயிரம்னு காட்டுச்சு. மில்லுக்காரன் ஏமாத்தறான்னு நெனச்சேன். சக்கரைப் பாக்கெட்டும் அதையேதான் சொல்லுச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீ பறிக்கற அம்மாக்களுக்கு எடை எழுதிக்கிட்டு இருந்த. அவங்க மூஞ்சியைப் பாக்காம நோட்டையே பாத்து எழுதின. உனக்கும் தெரியும்னு அப்ப புரிஞ்சுச்சு."

விதோமிருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தையும் தள்ளிக்கொண்டு மற்றது முன்னால் வந்தது.

"சரி, அது என் பாவம். மார்ச்சுக்கப்புறம் ஏன் சொல்லல? கூட இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் தூக்கின?"

கோசாராவின் கை விலாவுக்குப் போனது. "மொத நாள் விறகுக் கூடையைக் குடுத்த. கூட இருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ அந்த முள்ளைப் பாத்துட்டு மூச்சு விட்ட பாரு, ஆஸ்பத்திரிலருந்து வந்தப்புறம் அன்னைக்குத்தான் நீ ஒழுங்கா மூச்சு விட்ட. சொல்ல முடியல."

"தங்கம், உனக்குப் பயமா இல்லையா?" என்றாள் ஸ்தானா.

"பயமாத்தாம்மா இருந்துச்சு. கூடையைத் தூக்கிக்கிட்டு நடக்கறப்ப, இப்ப கிழியும், இந்த அடில கிழியும்னு கேட்டுக்கிட்டே நடப்பேன். கூடையை வச்சுட்டுக் கொட்டிலுக்குப் பின்னாடி போய் நின்னு பத்து மூச்சு இழுத்துப் பாப்பேன். பத்தும் முழுசா வரும். மறுநாளும் அதே மாதிரி. ஒரு மாசம் கழிச்சு அஞ்சு மூச்சு போதும்னு ஆச்சு. இப்ப ரெண்டு. பயம் போகலப்பா. பெல்கிரேடுக்குப் போறதுக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியுது. உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியல, நீங்க தராசைக் கேக்கறீங்க."

எதிரே பேருந்து வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மன்னித்துக்கொள் என்று மகளிடம் எப்படிச் சொல்வது என்று விதோமிருக்குத் தெரியவில்லை, அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. எழுந்து கடைக்குள் போனார். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

ஓஸ்த்தோயா பெரிய மெஷினை இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை. கோசாரா பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தாள். விதோமிர் அவள் தோளையே பார்த்தார், இடது தோள் இறங்கியிருந்தது. கை துறுதுறுத்தது, வாங்கி ஆட்டிப் பார்த்து எத்தனை என்று சொல்லிவிடலாம் என்று. அந்தக் கையும் இருபது வருஷமாக அந்தத் தராசிடம் படித்த கை. அதைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கனமா இருக்கா?" என்று கேட்டார்.

மார்ச்சிலிருந்து அவர் அவளிடம் கேட்காத கேள்வி அது ஒன்றுதான்.

கோசாரா நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு இழுத்தாள். ஸ்தானா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கனம்தான்பா. வீட்லருந்து தோட்டத்துக்குன்னா தூக்கிடுவேன். அஞ்சு மாடிக்கு தினமும் வேண்டாம்."

அதை இறக்கி வைத்துவிட்டு நடுவில் இருந்ததைப் பையில் போட்டாள். மறுபடி கடைசிவரை நடந்தாள். திரும்பும்போது இரண்டு தோளும் சமமாக இருந்தன. "இதுல வீடு கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும்" என்றாள். "சுத்தட்டும். நானும் மெதுவாத்தான் ஏறப் போறேன்."

"இது ஊதுமா?" என்றாள் ஸ்தானா.

"கொஞ்சமா ஊதும்மா" என்றான் ஓஸ்த்தோயா.

"சுவரைப் பாத்து வச்சுக்கறேன்மா" என்றாள் கோசாரா.

அது எத்தனை கிலோ என்று விதோமிர் கேட்கவில்லை. பையன் தானாகச் சொல்ல வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஓஸ்த்தோயா கூப்பிட்டான். "மாமா, உங்க தராசு." வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தது அது. விதோமிர் திரும்பிப் போய், அவன் முகத்தை நேராகப் பார்த்து, அதை வாங்கிக்கொண்டார்.

கார் மேல்தெருவில் நின்றது. அங்கே போகச் செங்குத்தான கல்படிகள் ஏற வேண்டும். ஸ்தானா வழக்கம்போலப் பையை வாங்கக் கையை நீட்டினாள், பிறகு கையை மடக்கிக்கொண்டாள். கோசாரா பையோடு முன்னால் ஏறினாள். விதோமிர் இரண்டு படி பின்னால், அவள் சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும் தூரத்தில், காதைத் தீட்டிக்கொண்டு ஏறினார். பாதிப் படியில் ஒரு இழுப்புச் சத்தம் கேட்டது. அவருக்கு உயிரே போய்விட்டது. அவள் தோளைப் பார்த்தார், அது சீராக ஏறி இறங்கியது. மறுபடியும் அதே சத்தம் கேட்டது, தன்னுடைய தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கோசாரா திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம் நிக்கலாமாப்பா?"

"உனக்கா?"

"உனக்கு" என்றாள்.

அவர் தராசுக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பையைக் கழற்றாமல், அவருக்கு மூச்சு திரும்பும்வரை அந்தப் படியிலேயே காத்திருந்தாள்.